பாதிப் பேர் பாதியிலேயே மூடிவிடுகிறார்கள், மீதிப் பேர் ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்கிறார்கள்: குட்டித் திகில் கேமின் ரிவ்யூக்களை எப்படி வாசிப்பது?

உங்கள் கேள்வியை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். நாற்பது நிமிடத்தில் முடியக்கூடிய ஒரு திகில் கேமைத் தனி ஆளாகச் செய்து, கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் வெளியிட்டிருக்கிறீர்கள். முதல்-நபர் பார்வை (பாத்திரத்தின் கண் வழியாகவே பார்ப்பது), இரவு நேரத்து வீடு, கையில் ஒரு டார்ச். கடைசி ஐந்து நிமிடம் வரை எதுவும் நேரில் வந்து நிற்பதில்லை. ரிவ்யூக்கள் இரண்டாகப் பிரிந்து கிடக்கின்றன. ‘ஹெட்போன் போட்டு ஆடினேன், மாடிப்படி வரைதான் போக முடிந்தது’ என்று ஒருவர். ‘வெறும் நடைதான், ஒன்றுமே நடக்கவில்லை’ என்று இன்னொருவர். ‘முடிவு புரியவில்லை’ என்று வேறு சிலர். இதில் யார் பேச்சைக் கேட்பது, அடுத்த அப்டேட்டில் நாலைந்து ஜம்ப் ஸ்கேர் (திடீரென்று ஏதாவது பாய்ந்து வந்து திடுக்கிட வைப்பது) போட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள். அதற்கு அடியில் உங்களைக் குடைவது வேறொரு கேள்வி என்று நினைக்கிறேன்: குறை என் கேமில் இருக்கிறதா, ஆடியவர் உட்கார்ந்திருந்த விதத்தில் இருக்கிறதா?

இரண்டிலும் இருக்கலாம். ஆனால் எது எது என்று பிரித்துப் பார்க்க வழி உண்டு. கருத்து இப்படிப் பிளவுபடுவது இந்த வகைக் கேமுக்கு இயல்புதான், அதைக் கண்டு கலங்க வேண்டாம். அதே நேரத்தில் ‘போர் அடித்தது’ என்று எழுதியவர்களுக்குள் ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு, ஜம்ப் ஸ்கேர் அதற்கு மருந்தும் ஆகாது. நான் பல வருடமாகச் சிறிய திகில் கேம்களுக்கு ஒலி வடிவமைத்துவருகிறேன். பிளேடெஸ்ட், அதாவது புதியவர்களை ஆடவைத்துப் பார்க்கும் சோதனை, நடக்கும்போது ஆடுபவருக்குப் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. உங்கள் கேமை நான் ஆடிப் பார்க்கவில்லை, நீங்கள் எழுதியதை வைத்துத்தான் பேசுகிறேன். எனக்குப் பழக்கமானவை கணினியில் ஆடும் முதல்-நபர் கேம்கள். தலையில் மாட்டி ஆடும் விஆருக்கும் போனுக்கும் இதை அப்படியே எடுத்துப் பொருத்த வேண்டாம்.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குகிறேன். எந்தச் சூழலில் ஆடுகிறார் என்பது ஒருவருடைய எதிர்வினையைப் பெரிய அளவில் மாற்றும். இது வெறும் மனப்பிரமை இல்லை, உடம்பிலேயே அளந்து பார்த்த விஷயம். திடீர்ச் சத்தம் கேட்டால் கண் இமைக்கிறதே, அந்தத் திடுக்கிடல் அனிச்சையை 1997-ல் கிறிஸ்டியன் கிரிலோனும் சக ஆய்வாளர்களும் அளந்தார்கள். அதே சத்தத்துக்கு, வெளிச்சத்தில் இருப்பதைவிட இருட்டில் மனிதர்கள் அதிகமாகத் திடுக்கிட்டார்கள். எலிகளிடம் இது நேர்மாறாக நடக்கும். இரவில் நடமாடும் பிராணி என்பதால் அது பளீரென்ற வெளிச்சத்தில்தான் அதிகம் பதறும். ஆக, பகல் வெளிச்சத்தில், லேப்டாப் ஸ்பீக்கரில், பக்கத்தில் இன்னொரு திரையில் ஏதோ ஓடிக்கொண்டிருக்க உங்கள் கேமை ஆடியவரும், நடு இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஹெட்போனோடு ஆடியவரும் ஒரே கோப்பைத்தான் டவுன்லோட் செய்தார்கள், ஆனால் அவர்களுக்குக் கிடைத்த அனுபவம் ஒன்றில்லை. முதலாமவரின் ரிவ்யூ பொய்யில்லை. அதை வைத்துக் கேமைத் திருத்த முடியாது, அவ்வளவுதான். தொடக்கத் திரையில் ‘ஹெட்போன் அணிந்து, இருட்டில் ஆடவும்’ என்று ஒரு வரி போட்டீர்களானால் கொஞ்சம் பலன் இருக்கும். எல்லோரும் கேட்கமாட்டார்கள்.

பயத்துக்கும் ரசிப்புக்கும் உள்ள உறவைப் பற்றியும் ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் மத்தியாஸ் கிளாசன், மார்க் ஆண்டர்சன் ஆகியோரின் குழு, பார்வையாளர்களைப் பயமுறுத்தவென்றே நடத்தப்படும் ஒரு பேய் வீட்டுக்குள் போனவர்களை ஆராய்ந்தது. 2020-ல் வெளியான ஆய்வில் 110 பேர் இதயத்துடிப்பு மானி அணிந்து உள்ளே போனார்கள். பயம் கூடக்கூட ரசிப்பும் கூடியது. ஒரு கட்டத்துக்கு மேல் பயம் கூடியபோது ரசிப்பு இறங்கியது. கவிழ்த்துவைத்த யூ வடிவம். ‘போர்’ என்றவரும் ‘மாடிப்படியில் மூடிவிட்டேன்’ என்றவரும் இந்த வளைவின் இரண்டு ஓரங்களில் நிற்கிறார்கள். இருவரையும் ஒரே திருத்தத்தால் நடுவுக்குக் கொண்டுவர முடியாது. அதே குழு அதற்கு முந்தைய வருடம் வெளியிட்ட இன்னொரு ஆய்வு எனக்கு இதைவிட முக்கியம். 280 பேரிடம், பயத்தைக் கூட்டிக்கொள்ள முயல்கிறீர்களா, குறைத்துக்கொள்ள முயல்கிறீர்களா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். வெளியே வந்தபோது இரண்டு தரப்பும் கிட்டத்தட்ட ஒரே அளவு திருப்தியோடு இருந்தது. கேமில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். பேய் இருக்கும் அறைக்குள் குந்தி எழுந்து நடனமாடுகிறவர், பொம்மையோடு பேசுகிறவர், சிரித்துக்கொண்டே கதவைத் திறந்து திறந்து மூடுகிறவர் எல்லாம் பயத்தைத் தணித்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு ‘என் கேம் பலிக்கவில்லை’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: அந்த ஆய்வுகள் நிஜ நடிகர்கள் பாய்ந்து வரும் கட்டடத்தில் நடந்தவை. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் அதே வளைவு பொருந்தும் என்பது என் அனுபவத்தோடு ஒத்துப்போகிற ஊகம்தான்.

எழுதியதற்கும் உடம்பு செய்ததற்கும் எவ்வளவு இடைவெளி இருக்கும் என்பதற்கு ஒரு பிளேடெஸ்ட்டைச் சொல்கிறேன். நான் ஒலி செய்த ஒரு கேமில் ஒரு சமையலறை வரும். குழாய் சொட்டிக்கொண்டிருக்கும். ஆடியவர் போய்க் குழாயை மூடினார், சொட்டும் சத்தம் நின்றது. அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு வெளியே நடைபாதையில் இரண்டடி வைத்தார். பின்னால் சொட்டும் சத்தம் மறுபடி தொடங்கியது. அவர் கை மவுஸில் அப்படியே நின்றது. திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. கேமராவை மட்டும் சமையலறை வாசலுக்குத் திருப்பி, அதிலிருந்து கண்ணை எடுக்காமல் பின்னோக்கி நடந்தே அந்த நடையைக் கடந்தார். நடைக் கோடியில் இருந்த மேஜையில் இடித்துக்கொண்டு ஒரு நொடி தவித்தார். மேஜை அங்கே இருப்பது அவருக்கு முன்பே தெரியும். சமையலறையில் எதுவும் இல்லை, நாங்கள் எதையும் வைக்கவில்லை. ஆட்டம் முடிந்து படிவத்தில் அவர் எழுதியது: ‘சுமார்தான், பெரிதாகப் பயமில்லை. பேய் சீக்கிரம் வந்திருக்கலாம்.’ படிவத்தை மட்டும் படித்திருந்தால் பேயை முன்னால் இழுத்துவந்திருப்போம். அப்போது அந்தச் சமையலறை செத்திருக்கும். மனிதர்கள் பயந்ததை மறைக்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. முடித்துவிட்ட பிறகு, ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்துவிட்ட பிறகு, நடுவில் இருந்த பயத்தின் அளவு நினைவில் சுருங்கிப்போகிறது. எழுதும் நேரத்தில் அவர்கள் மனமார அப்படித்தான் நம்புகிறார்கள்.

இனி அந்த ‘ஒன்றுமே நடக்கவில்லை’. இந்த வரியை இரண்டு வகை ஆட்கள் எழுதுவார்கள். ஒருவர் சண்டையும் துரத்தலும் தேடி வந்தவர். அவருக்கு உங்கள் கேம் ஏற்றதில்லை, கடைப் பக்கத்தில் கேமின் தன்மையைத் தெளிவாகச் சொன்னால் அவர் வாங்காமலே போய்விடுவார். மற்றவர்தான் முக்கியம். அவர் மெதுவான திகிலை விரும்பித்தான் வந்தார், முதல் பத்து நிமிடம் பயந்தும் இருந்தார், அதன் பிறகு ஏதோ ஒரு இடத்தில் ‘இந்தக் கேம் என்னை எதுவும் செய்யாது’ என்று கண்டுபிடித்துவிட்டார். விளையாடுகிறவர் முதல் நிமிடத்திலிருந்தே விதிகளைச் சோதித்துக்கொண்டே இருக்கிறார். ஓட முடிகிறதா, கதவை மூடினால் மூடியபடி இருக்கிறதா, டார்ச் அணையுமா, நின்றுகொண்டே இருந்தால் ஏதாவது வருமா, சத்தம் வந்த பக்கம் போனால் என்ன ஆகும். ஐந்தாறு சோதனைக்கும் ‘ஒன்றும் ஆகாது’ என்றே பதில் வந்தால், மீதி வீடு வெறும் தளவாடமாகிவிடும். அதற்குப் பிறகு நீங்கள் எவ்வளவு அருமையான நிழலை வரைந்து வைத்தாலும் அவர் முன்னே நடக்கும் W பட்டனை அழுத்திக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார். அவர் எழுதும் ‘போர்’ என்பதற்கு, பாதுகாப்பாக உணர்ந்துவிட்டேன் என்று பொருள். அது உங்கள் கேமின் குறைதான். சரிசெய்யவும் முடியும்.

மெதுவாக நகர்ந்தும் இந்தப் பள்ளத்தில் விழாத குட்டிக் கேம்களைப் பாருங்கள். 2014 ஆகஸ்டில் பிளேஸ்டேஷன் 4-ல் இலவசமாக வந்த ‘பி.டி.’ கிட்டத்தட்ட முழுக்க ஒரே ஒரு எல் வடிவ நடைபாதைதான். கோடியில் உள்ள கதவைத் திறந்தால் அதே நடையின் தொடக்கத்துக்கே வந்துவிடுவீர்கள். சில சுற்றில் அந்த நடை மனப்பாடமாகிவிடும், அதன் பிறகு அதில் மாறும் சின்னச் சின்ன விஷயம்கூட அடிவயிற்றைக் கலக்கும். 2012-ல் வந்த ‘ஸ்லெண்டர்’ இன்னும் எளிமை: ஒரு காடு, ஒரு டார்ச், எட்டுக் காகிதங்கள். ஒவ்வொரு காகிதத்தை எடுக்கும்போதும் உங்களைத் தொடர்வது இன்னும் நெருங்கும். முன்னேறுவதே ஆபத்தை வளர்க்கும் என்பதால், காகிதம் கண்ணில் பட்டதும் மகிழ்ச்சியும் தயக்கமும் சேர்ந்தே வரும். 2022-ல் டேவிட் சிமான்ஸ்கி வெளியிட்ட ‘அயர்ன் லங்’ எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம். ரத்தக் கடலுக்குள் ஒரு சிறிய நீர்மூழ்கி, வெளியே பார்க்க ஜன்னல் கிடையாது. இருக்கும் இடத்தைக் காட்டும் ஆய எண்களைப் பார்த்து ஓட்ட வேண்டும், வெளியே என்ன இருக்கிறது என்று தெரிய, பின்பக்கம் நடந்து போய் ஒரு பட்டனை அழுத்திப் புகைப்படம் எடுக்க வேண்டும். ஆக, பயமுறுத்தப்படுவதற்கான பட்டனை ஆடுபவரே தன் கையால் அழுத்துகிறார். 2023-ல் வந்த ‘தி எக்சிட் 8’ ஒரு சுரங்கப்பாதை. ஏதாவது வித்தியாசம் தெரிந்தால் திரும்பி நட, இல்லாவிட்டால் முன்னே போ. இந்த நான்கிலும் பெரும்பாலான நேரம் ‘ஒன்றும் நடப்பதில்லை’. ஆனால் அந்த நேரம் முழுக்க ஆடுபவரின் கண்ணுக்கு ஒரு வேலை இருக்கிறது. பார்ப்பதுதான் வேலை, சரியாகப் பார்க்காவிட்டால் ஏதோ ஒன்று கை நழுவும்.

உங்கள் கேமில் எதுவும் நிகழாத நீளமான பகுதிகளை எடுத்து, அங்கே ஆடுபவரின் கண் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கேளுங்கள். ‘அடுத்த கதவை நோக்கிப் போகிறது’ என்பது மட்டுமே பதில் என்றால் அந்த ரிவ்யூ சரி.

ஜம்ப் ஸ்கேர் பற்றி. திடுக்கிடுவது ஒரு அனிச்சை, பயம் அதைவிட நீளமான நிலை. இரண்டுக்கும் தொடர்பு உண்டு: ஏற்கனவே பயந்திருப்பவர் அதே சத்தத்துக்கு அதிகமாகத் திடுக்கிடுவார், இது நன்றாக நிறுவப்பட்டது. மீண்டும் மீண்டும் வந்தால் திடுக்கிடல் மழுங்கும் என்பதும் அப்படித்தான். இதற்கு மேல் நான் சொல்வது என் தனிக் கருத்து. நல்ல இடத்தில் வரும் ஒரே ஒரு அதிர்ச்சி, ‘இங்கே எதுவும் நடக்கலாம்’ என்று சொல்லிக்கொடுக்கும். ஒரே மாதிரி மூன்று வந்தால் ‘அமைதி, அமைதி, அப்புறம் கத்தல்’ என்ற தாளத்தைக் கற்றுக்கொடுத்துவிடும். தாளம் பிடிபட்டதும் ஆடுபவர் ஹெட்போனைக் காதிலிருந்து அரை அங்குலம் நகர்த்தி வைத்துக்கொள்வார். பிளேடெஸ்ட்டில் இந்தக் கையசைவைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும், ஏனென்றால் அந்த நொடியிலிருந்து நான் செய்த நுணுக்கமான ஒலி எதுவும் அவர் காதில் ஏறாது. நாலைந்து சேர்க்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். அதற்குப் பதிலாக முதல் எட்டுப் பத்து நிமிடத்துக்குள், ஆடுபவர் தானே சோதித்துப் பார்த்து நம்பிவிட்ட ஒரு விதியை ஒரே ஒரு முறை உடையுங்கள். அவர் மூடிய கதவு திறந்திருக்கட்டும். டார்ச்சை அணைத்தபோது அவர் போடாத விளக்கு ஒன்று அடுத்த அறையில் எரியட்டும். கேமராவை அங்கே திருப்பிக் காட்டாதீர்கள், இசையும் வேண்டாம். கவனிக்காதவர் கடந்து போகட்டும், பரவாயில்லை. கவனித்தவர் அதற்குப் பிறகு ஒவ்வொரு கதவையும் ஞாபகம் வைத்துக்கொண்டு நடப்பார்.

ஒலி என் துறை, இதில் கொஞ்சம் நீட்டுகிறேன். குட்டித் திகில் கேம்களில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு பின்னணி ஆம்பியன்ஸ் லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் சூழல் ஒலிப்பதிவு. முப்பது விநாடி லூப் ஒன்று, அதன் நடுவில் மரம் முனகுவது போல ஒரு தனிச் சத்தம். முதல் முறை அது வீட்டின் சத்தம். மூன்றாம் முறை அது ஒரு கோப்பின் சத்தம். ஆடுபவருக்கு ‘லூப்’ என்று சொல்லத் தெரியாவிட்டாலும் காது கண்டுபிடித்துவிடும், ரிவ்யூவில் அது ‘கொஞ்ச நேரத்தில் பயம் போய்விட்டது’ என்று வரும். தீர்வு செலவில்லாதது. அடையாளம் தெரியும் சத்தங்களை எல்லாம் லூப்பிலிருந்து வெட்டியெடுத்து, ஒழுங்கற்ற இடைவெளியில், ஆடுபவரைச் சுற்றி வெவ்வேறு திசையிலிருந்து தனியாக ஒலிக்க விடுங்கள். மீதியுள்ள அடித்தளத்தை வெவ்வேறு நீளமுள்ள இரண்டு லூப்பாக வையுங்கள். 37 விநாடி லூப்பும் 53 விநாடி லூப்பும் சேர்ந்து ஓடினால், அதே சேர்க்கை திரும்பி வர 1,961 விநாடி, அதாவது ஏறக்குறைய 33 நிமிடம் ஆகும். உங்கள் கேமே நாற்பது நிமிடம்தான். காலடிச் சத்தத்துக்கு நான்கே பதிவு வைத்திருந்தால் எட்டு, பத்தாக்குங்கள். அந்த வீட்டில் ஆடுபவர் மிக அதிகமாகக் கேட்கப்போகும் சத்தம் அவருடைய சொந்தக் காலடிதான். மரத்தரை முடிந்து கம்பளம் தொடங்கும் இடத்தில் அது சட்டென்று மங்கினால், பலர் தாங்களாகவே நின்றுவிடுகிறார்கள். அமைதியான பகுதியை மிகத் தாழ்வான ஒலியில் வைத்து, ஆடுபவர் வால்யூமைக் கூட்டிய பிறகு காதில் அறைவது மட்டும் வேண்டவே வேண்டாம். அது காதுக்குக் கெடுதல். மலிவான தந்திரம் என்று எழுதுகிறவர்களும் சரியாகத்தான் எழுதுகிறார்கள்.

இன்ஃப்ராசவுண்ட் (காதுக்குக் கேட்காத அளவுக்குத் தாழ்ந்த அதிர்வெண் ஒலி) சேர்த்தால் பயம் கூடும் என்று யாராவது ஆலோசனை சொல்லியிருந்தால், அது சந்தேகத்துக்குரிய பட்டியலில் சேரும். 1998-ல் விக் டேண்டி என்ற பொறியாளர், ஒரு ஆய்வுக்கூடத்தில் உணரப்பட்ட அமானுஷ்ய அனுபவங்களுக்கு, மின்விசிறியிலிருந்து வந்த சுமார் 19 ஹெர்ட்ஸ் அதிர்வு காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். சுவாரசியமான கருதுகோள்தான், உறுதியாக நிறுவப்பட்டது என்று சொல்ல முடியாது. அது உண்மையாகவே இருந்தாலும், லேப்டாப் ஸ்பீக்கரும் சாதாரண ஹெட்போனும் அந்த அதிர்வெண்ணை உருப்படியாக வெளியிடாது.

நீளத்துக்கும் காசுக்கும் வருகிறேன், ஏனென்றால் ரிவ்யூக்களில் பாதிக் கசப்பு அங்கிருந்துதான் வரும். 2015-லிருந்து ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், காரணம் கேட்காமல் பணத்தைத் திருப்பித் தருகிறார்கள். உங்கள் கேம் முழுவதும் அந்த இரண்டு மணிக்குள் அடங்கிவிடும். 2021-ல் எமிகா கேம்ஸ் என்ற பெயரில் கேம் செய்துவந்த டெவலப்பர், ‘சம்மர் ஆஃப் 58’ என்ற குட்டித் திகில் கேமுக்கு நல்ல ரிவ்யூக்கள் வந்தும், முடித்துவிட்டு ரீஃபண்ட் வாங்குகிறவர்கள் மிகுதி என்பதால் காலவரையின்றி இந்தத் தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்தார். அதற்காக நாற்பது நிமிடத்தை இரண்டே கால் மணி நேரமாக இழுக்காதீர்கள். இழுத்த கேம்கள் இழுத்தது தெரிந்தே நிற்கும். ரிவ்யூக்களைப் படிக்கும்போது பக்கத்தில் இருக்கும் ஆடிய நேரத்தைப் பாருங்கள், பலர் இதைத் தவறவிடுகிறார்கள். 0.1 என்றால் ஆறு நிமிடம். 0.2 மணி ஆடிவிட்டு ‘ஒன்றுமே நடக்கவில்லை’ என்றவரும் 0.7 மணி ஆடிவிட்டு அதையே சொன்னவரும் வேறு வேறு செய்தி சொல்கிறார்கள். முன்னவர் உங்கள் தொடக்கத்தைப் பற்றிப் பேசுகிறார், பின்னவர் மொத்தக் கேமைப் பற்றி. ஸ்டீம் கேட்பதும் பரிந்துரைக்கிறீர்களா இல்லையா என்பதை மட்டும்தான். ‘பிடித்தது, ஆனால் இந்த விலைக்கு வேண்டாம்’ என்பவரும் கட்டைவிரலைக் கீழே காட்டத்தான் முடியும். பரிந்துரைத்தவர்கள் 70 விழுக்காட்டுக்குக் கீழே போனால் பக்கத்தில் ‘கலவையான’ என்ற முத்திரை விழும். அந்த முத்திரை மனத்தை வலிக்கச் செய்யும், எனக்குத் தெரியும். அது கேமின் தரத்தை மட்டும் காட்டுவதில்லை, விலையையும் எதிர்பார்ப்பையும் சேர்த்தே காட்டுகிறது.

‘முடிவு புரியவில்லை’ என்பதை நான் மற்ற எல்லாவற்றையும்விடத் தீவிரமாக எடுத்துக்கொள்வேன். ஒரு அனுபவத்தை மனிதர்கள் நினைவு வைத்துக்கொள்ளும்போது அதன் உச்சமும் கடைசியும் அதிகம் எடை பெறுகின்றன, நீளம் மிகக் குறைவாகவே கணக்கில் வருகிறது. 1993-ல் உளவியலாளர் டேனியல் கானமனும் சக ஆய்வாளர்களும் செய்த சோதனை பிரபலமானது. 14 டிகிரி குளிர்நீரில் ஒரு கையை 60 விநாடி வைத்திருக்க வேண்டும். இன்னொரு முறை அதே 60 விநாடியோடு, தண்ணீர் மெல்ல 15 டிகிரிக்கு ஏறும் கூடுதல் 30 விநாடி. எதைத் திரும்பச் செய்கிறீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீளமானதைத் தேர்ந்தெடுத்தார்கள், மொத்த வலி அதில்தான் அதிகம். இதைக் கேமுக்குப் பொருத்துவது என் துணிபு, ஆனால் பிளேடெஸ்ட்டுகள் என்னை அந்தப் பக்கமே தள்ளுகின்றன. முடிவைப் பற்றிய புகாரில் இரண்டு உண்டு. ‘அந்தப் பெண் யார், கடைசியில் யார் செத்தது’ என்பது ஒன்று. அது கேமை மூடிய பிறகும் மனத்தில் ஓடுகிறது என்பதற்குச் சாட்சி, விட்டுவிடலாம். ‘முடிந்துவிட்டதா, இல்லை கேம் க்ராஷ் ஆகிவிட்டதா?’ என்பது மற்றது. ஒரு முகம் பாய்ந்து வந்து, திரை கறுத்து, நேராக டெஸ்க்டாப்புக்குத் தூக்கியெறியும் முடிவுகளில் இது நிறைய வரும். உங்கள் முடிவு இப்படித்தான் என்றால், கறுத்த திரையில் வீட்டின் சத்தத்தை மட்டும் பத்து விநாடி ஓடவிட்டு அப்புறம் பெயர்களைக் காட்டுங்கள். கதையில் ஒரு வரிகூட மாற்றத் தேவைப்படாது.

ஸ்ட்ரீமர்கள், அதாவது தாங்கள் ஆடுவதை இணையத்தில் ஒளிபரப்புகிறவர்கள், ஆடிய வீடியோக்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 2010-ல் வந்த ‘அம்னீசியா’ என்ற திகில் கேமின் காலத்திலிருந்தே அலறும் முகத்தைப் பார்க்கவென்று ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது, சிறிய திகில் கேம்கள் பரவியதில் அவர்கள் பங்கு பெரியது. ஆனால் கேமராவுக்கு முன்னால் இருப்பவர் பேசியே ஆக வேண்டும், பார்ப்பவர்களைக் கட்டிவைக்க வேண்டும். அந்த அலறலில் எவ்வளவு நிஜம் என்று யாராலும் பிரிக்க முடியாது. அந்த வீடியோக்களிலிருந்து எனக்கு உதவியது ஒன்றுதான்: அவர்கள் பேச்சை நிறுத்தும் இடங்கள். வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவர் வாக்கியத்தின் நடுவில் நிறுத்திவிட்டு இரண்டு மூன்று விநாடி திரையையே பார்த்தால், அந்த இடத்தை நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். நாலைந்து பேர் ஒரே இடத்தில் மௌனமானால் உங்கள் கேம் அங்கே வேலை செய்கிறது. எந்த அப்டேட்டிலும் அந்த இடத்தைத் தொடாதீர்கள்.

யார் பேச்சைக் கேட்பது என்பதற்கு என் நடைமுறை இதுதான். எங்கே சலித்தது, எங்கே குழம்பியது என்று ஆடுபவர்கள் சொன்னால் அப்படியே நம்புவேன். எதைச் சேர்க்க வேண்டும் என்று சொன்னால் கேட்டுக்கொள்வேன், ஆனால் உடனே செய்யமாட்டேன். புதிதாக மூன்று நான்கு பேரைக் கூப்பிட்டு ஆடவைத்துப் பாருங்கள். பக்கத்தில் உட்காராதீர்கள், பின்னால் உட்காருங்கள், வாயைத் திறக்காதீர்கள். முடிந்ததும் ‘பயமாக இருந்ததா?’ என்று கேட்காதீர்கள், அதற்கு வரும் பதில் மரியாதைக்காகவோ வீரத்துக்காகவோ வரும். ‘அந்த அறைக்குள் போவதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கும் என்று நினைத்தீர்கள்?’ என்று ஒவ்வொரு அறையாகக் கேளுங்கள். ஏதோ ஒன்றை நினைத்திருந்தார், அது தப்பாகப் போனது என்றால் அந்த அறை நன்றாக இருக்கிறது. எதுவுமே நினைக்கவில்லை என்றால், அங்கேதான் அவர் பாதுகாப்பாக உணர்ந்துவிட்டார்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், மாடிப்படி வரை கேம் பிடித்து வைத்திருக்கிறது, அதை ஏறிய பிறகு தளர்கிறது என்று எனக்குப் படுகிறது. பயந்து மூடியவர்கள் எல்லோரும் படிக்குக் கீழே நின்றுவிட்டார்கள், சலித்தவர்கள் எல்லோரும் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள். அப்படியானால் வேலை மேல்தளத்தில்தான் இருக்கிறது. அங்கே இருக்கும் அறைகளில் பாதியைத் துணிந்து பூட்டிவிடுங்கள். கீழே ஆடுபவர் கற்றுக்கொண்ட ஏதாவது ஒரு விதி மேல்தளத்தில் பலிக்காமல் போகட்டும். லூப்புகளைப் பிரியுங்கள். கேம் முப்பத்திரண்டு நிமிடமாகச் சுருங்கினாலும் கவலைப்படாமல் அதே விலைக்கு விடுங்கள். செய்து முடித்த பிறகு அந்தப் புதிய ஆட்கள் மேல்தளத்தில் எந்தப் பக்கம் திரும்பி நடக்கிறார்கள் என்பதை மட்டும் குறித்து எழுதுங்கள், அதை வைத்து அடுத்ததைப் பேசலாம்.